சிங்கப்பூர்ப் பெட்டியில் வந்த காதல் கதை

பிள்ளைகளுக்குக் கண்ணாடி மாற்றப் போன கடையில் நம் கண்ணையும் ஒருமுறை காட்டிவிட்டு, இரண்டு கண்ணாடிகளோடு வீடு திரும்புகிற வயதுக்கு வந்துவிட்டோம். ஒத்த வயதுக்காரர்கள் கூடினால் சர்க்கரை அளவு, முழங்கால், பிள்ளையின் கல்லூரி என்று பேச்சு ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. அப்படி நிற்கும் நேரத்தில் நான் கைப்பேசியை எடுத்து, பள்ளிச் சீருடை அணிந்த ஜப்பானியப் பையனும் பெண்ணும் பஸ்ஸுக்கு நிற்கிற படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதை உங்களில் சிலர் கவனித்திருக்கிறீர்கள். “இந்த வயசுல பொம்மைப் புத்தகமா?” என்று ஒருவர் கேட்டேவிட்டார். சிரித்துவிட்டு வந்தேன். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதுகிறேன்.

மங்கா என்பது ஜப்பானியர்களின் படக்கதை. வாரத்துக்கோ மாதத்துக்கோ ஓர் அத்தியாயமாக வெளிவரும். வருடக்கணக்கில் நீளும். இப்போது நான் மூன்று தொடர்களைப் படிக்கிறேன். ஒன்று புதன்கிழமைதோறும் வருகிறது. ஒன்று மாதம் ஒருமுறை. மூன்றாவதை வரைகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று எட்டு மாதமாக நின்றிருக்கிறது. மூன்றுமே பள்ளிக்கூடக் கதைகள்தாம். கொலை கிடையாது, சண்டை கிடையாது. இரண்டு பேர் வகுப்பைப் பெருக்குவார்கள், மழை வரும், ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுப்பார், அத்தியாயம் முடிந்துவிடும். அவர் சொல்ல வந்தது என்ன என்று தெரிய அடுத்த புதன் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு எனக்கு ஒன்பதாம் வகுப்பில் பழகியது. அப்போது கைப்பேசி இல்லை. அத்தியாயம் விமானத்தில் வந்தது.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். பூ விளைகிற ஊர். அம்மா விடியலில் இடுப்பில் துணி மடி கட்டிக்கொண்டு முல்லை மொட்டு எடுப்பாள். வெயில் ஏறுவதற்குள் அது பூ கமிஷன் கடைக்குப் போய்விட வேண்டும். அப்பா சிங்கப்பூரில் வெல்டர். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது போனார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருவார். மற்றபடி அவர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வருகிற ஒரு குரல். அழைப்பு அட்டையில் நிமிடம் தீர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் அந்தக் குரல் எப்போதும் அவசரத்தில் இருக்கும். “சாப்டியாத்தா? நல்லாப் படிக்கிறியா? மார்க் எவ்வளவு? அம்மாகிட்டக் குடு.” இந்த நான்கு வாக்கியங்களை வைத்து அவருடைய முகத்தை நான் ஞாபகம் வைத்திருந்தேன்.

சாமான் வருவதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அங்கே ஒரே அறையில் தங்கியிருக்கும் ஆட்களில் யாராவது ஊருக்குக் கிளம்பினால், மற்றவர்கள் ஆளுக்கு இரண்டு கிலோ பொட்டலம் கொடுத்துவிடுவார்கள். வந்தவர் தன் வீட்டில் ஒரு நாள் தூங்கி எழுந்து, மறுநாள் மொபெட்டில் பொட்டலங்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டுப் போவார். யாருடைய வீட்டில் என்ன வந்தது என்று அன்று மாலைக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும்.

அப்படி ஓர் ஆடி மாதம் வந்த பொட்டலத்தில் இரண்டு தைல பாட்டில்கள் இருந்தன. ஒன்றோடொன்று மோதி உடையாமலிருக்க நடுவே ஒரு புத்தகத்தைச் சொருகியிருந்தார் அப்பா. எங்கேயோ குப்பையில் கிடந்ததாம். அட்டை இல்லை. முன்னாலும் பின்னாலும் சில தாள்கள் இல்லை. ஒரு பாட்டில் கசிந்திருந்ததால் ஓரமெல்லாம் தைலம். இன்றும் அந்தத் தைலத்தை யாராவது நெற்றியில் தடவினால் எனக்குத் தலைவலி ஞாபகம் வருவதில்லை. கறுப்பு மையில் வரைந்த ஒரு வகுப்பறை ஞாபகம் வருகிறது.

அம்மா அதை அடுப்புப் பற்றவைக்க வைத்திருந்தாள். நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் என் வகுப்பில் படிக்கிற தோழி இருந்தாள். இரண்டு பேரும் பூக்கொல்லையின் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து படித்தோம். மோட்டார் ஓடினால் கத்தித்தான் பேச வேண்டும். படங்கள் புரிந்தன. ஆங்கிலம் பாதி புரிந்தது. கதைதான் விளங்கவில்லை. முதல் பக்கத்திலேயே ஒரு பையனும் பெண்ணும் ஒரே குடையில் நடந்து போகிறார்கள். அடுத்தடுத்த பக்கங்களில் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறார்கள். பேச்சு குறைகிறது. கடைசிப் பக்கத்தில் பள்ளி வாசலில் நின்று ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்கிறார்கள்.

“பாவம்டி. எல்லாத்தையும் மறந்துட்டாங்க” என்றாள் தோழி. கண் கலங்கியிருந்தது.

“பேச்சைக் கவனிச்சியா? மொதல்ல பதில் சொல்றாங்க. அதுக்கப்புறம்தான் கேள்வி கேக்குறாங்க.”

“ஜப்பான்ல அப்பிடித்தான் பேசுவாங்க போல.”

அத்தியாய எண்களும் ஆறு, ஐந்து, நான்கு என்று இறங்கின. பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எங்கள் கரும்பலகையில் எழுதுவோமே, அது மாதிரி என்று தீர்மானித்தோம். ஒன்று வந்ததும் எல்லாம் முடிந்துவிடும். அதைவிடத் துக்கமான கதையை நாங்கள் படித்ததில்லை. இப்போது யோசித்தால், அது எங்களுக்கு ஏன் நம்ப முடியாத கதையாகத் தோன்றவில்லை என்பது புரிகிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அப்பாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். முதலில் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். பிறகு குரலானார்கள். பிறகு விடுப்பில் வந்து, “எத்தனாவது படிக்கிற?” என்று கேட்டார்கள்.

புத்தகத்தின் முதுகில் ஆங்கிலத்தில் பெயரும், ‘1’ என்ற எண்ணும் இருந்தன. ஒன்று இருந்தால் இரண்டு இருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு அப்பாவிடம் சொன்னேன்.

“அப்பா, தைல பாட்டிலோட ஒரு புத்தகம் வந்துச்சுல்ல. அதுல ரெண்டாவது வேணும்.”

“அதெதுக்குடா ஆத்தா?”

அரை நொடி இருந்தது யோசிக்க. “இங்கிலீஷ் பாடத்துக்கு. டீச்சர் சொன்னாங்க.”

அந்தக் குரலில் அவசரம் நின்றது. “எழுத்தச் சொல்லு. ஒவ்வொன்னாச் சொல்லு” என்றார். நான் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். எட்டாம் வகுப்போடு நின்றவர் அவர். பதினைந்து எழுத்தும் சொல்லி முடிக்க அன்றைய நிமிடங்களில் பாதி போயிற்று. அம்மாவோடு பேசுவதற்குள் அட்டை தீர்ந்துவிட்டது.

இரண்டாவது புத்தகம் புரட்டாசியில் வந்தது. பழைய புத்தகக் கடை ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, தன் ஒரே விடுமுறை நாளான ஞாயிறு பகலில் இரண்டு பஸ் மாறிப் போய் வாங்கியிருந்தார். வாங்கியதோடு விடவில்லை. பள்ளிப் புத்தகத்துக்குப் போடுவது போலப் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, முதல் தாளும் கடைசித் தாளும் பிரியாதபடி பசை தடவி ஒட்டியிருந்தார். முகப்பில் ஒரு லேபிள். என் பெயர், வகுப்பு ஒன்பது, பாடம்: ஆங்கிலம். வெல்டிங் பிடித்த கையின் எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

நான் சொன்ன பொய் அந்த லேபிளில் அவர் கையெழுத்தாக நின்றது. ஆனாலும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மோட்டார் கொட்டகைக்கு ஓடினேன்.

மூன்றாவது புத்தகத்தோடு வினை வந்தது. அதைக் கொண்டு வந்தவர் திருவரங்குளம் பக்கத்துக்காரர். ஆனால் வழக்கம்போல எங்கள் வீட்டுக்கு அவர் வரவில்லை. அவருடைய மனைவி ஒரு வியாழக்கிழமை நேரில் வந்தார். பழுப்பு அட்டை கிழிந்திருந்தது.

“யக்கா, தப்பா நெனைக்காதீக. அதுவாப் பிரிஞ்சு போச்சு. நாங்க பிரிக்கல” என்று ஆரம்பித்தார். “ஆனா பாத்த பெறகு சொல்லாம இருக்க முடியல. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பயலும் ஒரு புள்ளையுமா நிக்கிதுக. ஒரே கொடையில போகுதுக. வயசுக்கு வந்த புள்ளைக்கு அப்பனே லவ்வு புத்தகம் அனுப்புறாகளேன்னு எனக்குத் தூக்கம் புடிக்கல. எங்க கொழுந்தன் மகள ஒம்போதாவதோட நிறுத்திட்டாக. இப்ப நிம்மதியா இருக்காக.”

அம்மா கேட்டுக்கொண்டாள். “மோர் குடிக்கிறியா?” என்றாள்.

அவர் குடித்துவிட்டுப் போனதும் அம்மா புத்தகத்தை என் முன்னால் வைத்தாள்.

“இது என்ன புத்தகம்?”

“இங்கிலீஷ்.”

“அது தெரியுது. என்ன புத்தகம்?”

“கதை.”

“என்ன கதை?”

“ஸ்கூல் கதை.”

“ஸ்கூல்ல என்ன கதை?”

அம்மா பதிலுக்கு நிற்கவில்லை. மூன்று புத்தகங்களையும் வாங்கி அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினாள். “ஞாயித்துக்கெழம ஒங்கப்பா பேசுவாக. சொல்லிக்கலாம்” என்றாள்.

வியாழன், வெள்ளி, சனி. படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று தோழி பயந்தாள். எனக்கு அந்தப் பயம் இரண்டாவதுதான். முதல் பயம், அந்த லேபிளை எழுதிய ஆள் தொலைபேசியில் இதைக் கேட்கும்போது என்ன சத்தம் வரும் என்பது. அவரைக் குரலாக மட்டுமே எனக்குத் தெரியும். அந்தக் குரலும் என்னிடம் பேசாமல் போனால் எனக்கு அப்பா என்று மிஞ்ச எதுவும் இல்லை.

ஞாயிறு ஆறு மணிக்கு மணி அடித்தது. அம்மா எடுத்தாள். நான் கதவுக்குப் பின்னால்.

“ம்... வந்துச்சு. ஆமா, வந்து குடுத்துச்சு.” கொஞ்ச நேரம் கேட்டாள். “புத்தகமா? நல்லாப் படிக்கிறா. டீச்சரே நல்ல புத்தகம்னு சொன்னாகளாம்.”

போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து, விதைக்கு வைத்திருந்த கடலையை உடைக்க உட்கார்ந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

“ஏம்மா பொய் சொன்ன?”

“நீ சொன்னத விடவா?” கடலை உடைபடும் சத்தம். “அவுக ரூம்ல பதினாலு பேரு. எம் மக இங்கிலீஷ் புத்தகம் கேக்குறான்னு பதினாலு பேருட்டயும் சொல்லி வச்சிருக்காக. நான் இத ஒடைச்சா, ஒடையிறது நீயில்ல.”

நான் அழ ஆரம்பித்தேன்.

“அழுவாத. டிரம்மத் தெறந்து மொதப் புத்தகத்த எடு. தெனம் கொஞ்சம் இங்கிலீஷ்ல வாசி. எனக்குத் தமிழ்ல சொல்லு. தைக்கு அவுக வாராக. அதுக்குள்ள அது பாடப் புத்தகமாயிரணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மாலை, விளக்கு வைப்பதற்கு முன்னால். அம்மா கடலை உடைப்பாள்; நான் பள்ளி நூலகத்தில் இரவல் வாங்கிய அகராதியோடு உட்காருவேன். புத்தகத்தில் அரிசித் தவிடு ஒட்டியிருக்கும். வாக்குறுதி, மாடிப்படி, தயக்கம் ஆகிய சொற்களுக்கு ஆங்கிலம் அந்த முற்றத்தில்தான் எனக்கு வந்தது. அம்மா எதிர்த்துப் பேசுகிற வாசகி.

“நில்லு. ‘அதனாலதான் நேத்து வரல’ன்னு அவன் சொல்லிட்டான். பெறகு எதுக்கு ‘ஏன் நேத்து வரல’ன்னு அவ கேக்குறா? காது கேக்காதா?”

“ஜப்பான்ல அப்பிடித்தாம்மா.”

“எந்த ஊருலயும் அப்பிடி இல்ல.”

ஒன்பதாவதோ பத்தாவதோ நாள், அம்மா கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். எழுத்தைப் பார்க்கவில்லை. அந்த வகுப்பறையின் ஜன்னலில் ஒரு தொட்டி உண்டு. கதாநாயகிதான் அதற்குத் தண்ணீர் ஊற்றுவாள். குச்சியில் சுற்றிப் படரும் கொடி. நானும் தோழியும் அதை ஒரு நாளும் கவனித்ததில்லை. அம்மா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி அந்தத் தொட்டியை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

“இங்க பூத்திருக்கு. இங்க மொட்டு. இங்க வெறுங்கொடி.” கடைசிக்கு வந்தாள். “இங்க ரெட்ட எலை. இப்பத்தான் மொளைக்கிது.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “பூ மொட்டாகி, மொட்டு மொளையாகுமாடி?”

நானும் ஒருமுறை திருப்பி, தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

“அங்கிட்டுருந்து இங்கிட்டு வாசி” என்றாள்.

கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். வலப்பக்கப் படத்திலிருந்து இடப்பக்கம் வந்தேன். கேள்வி முதலில் வந்தது. பதில் பிறகு வந்தது. பள்ளி வாசலில் இரண்டு பேர் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்கள். விதை முளைத்தது. இரண்டு புத்தகங்களாக, ஐந்து மாதங்களாக, நாங்கள் ஒரு கதையை அது முடிந்த இடத்திலிருந்து பிறந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறோம். ஜப்பானியர்கள் புத்தகத்தை வலமிருந்து தொடங்குகிறார்கள், ஆங்கிலத்தில் பெயர்த்தாலும் அதை அப்படியே விடுகிறார்கள் என்பதை, ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாத, விடிந்தால் மொட்டைத் தொட்டுப் பார்த்து வயது சொல்கிற ஒருத்தி கண்டுபிடித்தாள்.

தோழிக்கு இதைச் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்தது. “அப்ப நான் அழுததெல்லாம்?” என்றாள். புதிய வரிசையில் ஒருமுறை படித்துவிட்டு, “பழைய கதைதான் நல்லாருந்துச்சு” என்று திருப்பிக் கொடுத்தாள். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். போன வருடம் பேசும்போதும் அந்தத் தீர்ப்பில் மாற்றமில்லை.

தை மாதம் அப்பா வந்தார். நான் ஞாபகம் வைத்திருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கழுத்தில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். நான்காவது புத்தகத்தைப் பெட்டியின் மேலாகவே வைத்திருந்தார், பழுப்பு அட்டையும் லேபிளுமாக. வகுப்பு ஒன்பது. பாடம்: ஆங்கிலம்.

மூன்றாம் நாள் அவரைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். விடுப்பில் வந்திருந்த அறைக்காரர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் திருவரங்குளத்துக்காரர்; மனைவியோடு வந்திருந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“ஆத்தா, அந்தப் புத்தகத்த எடுத்துட்டு வா. அண்ணன்மாரு அம்புட்டுத் தூரம் சொமந்து கொண்டாந்திருக்காக. கொஞ்சம் வாசிச்சுக் காட்டு.”

நான் நான்காவது புத்தகத்தில் பாதிதான் படித்திருந்தேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் தட்டோடு நிலைப்படியில் நின்றாள். திருவரங்குளத்துக்காரர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

புத்தகத்தை வலமிருந்து திறந்தேன்.

“என்னாத்தா, பின்னாடியிருந்து தெறக்குற?”

“அது அப்பிடித்தான்” என்றாள் அம்மா நிலைப்படியிலிருந்து. “ஜப்பான்காரன் புத்தகம். அங்கிட்டுருந்து இங்கிட்டு வரும். நீங்கதான் லேபிள அங்கிட்டு ஒட்டிட்டீக.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. பையன் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. அந்தப் பெண் அவன் வீட்டு வாசலுக்குப் போய் நிற்கிறாள். ‘என்மேல் கோபமா?’ என்கிறாள். ‘இல்லை’ என்கிறான். ‘பிறகு ஏன் என்னிடம் பேசவில்லை?’ அவன் தரையைப் பார்க்கிறான்.

“யாரு யாருட்ட பேசுறது இப்ப?” என்றார் திருவரங்குளத்துக்காரர் மனைவி.

அப்பா டம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். காப்பி தீர்ந்திருந்தது. அவர் காது மடல் சிவப்பதை நான் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. பதினான்கு பேரிடம் சொன்னதில் மூன்று பேர் எதிரில் இருந்தார்கள்.

நான் நிறுத்தினேன்.

“அப்புறம்?” என்றார் திருவரங்குளத்துக்காரர். “ஏன் பேசலையாம் அவன்?”

அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“படி” என்றாள் அம்மா.

“ ‘அப்பாவுக்கு வேற ஊருக்கு மாத்தலாயிருச்சு. நாங்களும் போறோம். இத உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல’ ” என்று வாசித்தேன். ஒருவர் எழுந்து வாசலுக்குப் போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார். பிறகு பேச்சு ஓவர்டைம் பக்கம் போய்விட்டது.

எல்லோரும் போன பிறகு அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“இது பாடப் புத்தகம் இல்லைல்ல?”

“இல்லப்பா.”

“பெறகு ஏன் பொய் சொன்ன?”

“கதைப் புத்தகம்னு சொன்னா நீங்க வாங்கித் தர மாட்டீங்கன்னு.”

அவர் யோசித்தார். நியாயமாக யோசித்தார். “மாட்டேன்தான்” என்றார். எழுந்து போய்விட்டார்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. விடுப்பின் மிச்ச நாட்களில் கூரைக்கு ஓடு மாற்றினார், மோட்டாரைப் பழுது பார்த்தார், கிளம்பினார். அவர் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை நான்கு வாக்கியங்கள் இரண்டாயின. “நல்லாருக்கியா? அம்மாட்டக் குடு.” மார்க்கைக்கூடக் கேட்கவில்லை. மாசி போயிற்று, பங்குனி போயிற்று. ஊருக்கு இரண்டு பேர் வந்து போனார்கள். பொட்டலத்தில் சோப்பு இருந்தது, தைலம் இருந்தது, டார்ச் விளக்கு இருந்தது. புத்தகம் இல்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற உரிமையை நான்தான் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அம்மா மட்டும், “அந்தப் பய ஊருக்குப் போனானா இல்லையான்னு தெரியாமலே போச்சு” என்று கடலைச் செடி பிடுங்கும்போது ஒருநாள் சொன்னாள்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. மணி அடித்தது. எடுத்தேன்.

“நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேம்ப்பா. அம்மாட்டத் தாரேன்.”

“இரு, இரு.” பின்னால் பஸ் போகிற சத்தம். “அஞ்சாவது இன்னும் வரலையாம்.”

“எதுப்பா?”

“அந்தப் புத்தகந்தான். மாசத்துக்கு ஒருக்காப் போய்க் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அத இன்னும் வரைஞ்சே முடிக்கலையாம்ல. ஜப்பான்ல கொஞ்சங் கொஞ்சமா வரைஞ்சு, பெறகுதான் புத்தகமாப் போடுவாகளாம். கடைக்காரம்மா சொல்லுச்சு. வந்தா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன்.”

நான் ரிசீவரை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ரூம்ல நிம்மதி இல்லாத்தா. திருவரங்குளத்தான் ஒரு கட்சி. அந்தப் பய போகாம இங்கயே தங்கிப் படிப்பாங்கிறான். நான் போவான்னுதான் சொல்றேன். நீ என்ன சொல்ற?”

“போகக் கூடாதுப்பா. அவங்கப்பாவுக்கு அறிவே இல்ல. நடுவருசத்துல யாராச்சும் கூட்டிட்டுப் போவாங்களா?”

“அந்த மனுசன வையாத” என்றார் அப்பா. குரல் சட்டென்று உயர்ந்தது. “வேலை அங்கிட்டுன்னா அங்கிட்டுத்தான் போயாகணும். அவரு என்ன ஆசைப்பட்டா போறாரு?”

“போகட்டும். போறதுக்கு முந்தி அவங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

ஒரு நிமிடம் மிச்சம் என்று அழைப்பு அட்டையின் பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. அப்பா தொண்டையைச் செருமினார்.

“கேட்டிருக்கணும்தான்” என்றார். கொஞ்சம் கழித்து, “சரி, கேட்டிருந்தா அந்தப் பய என்ன சொல்லியிருப்பான்?” என்றார்.

நான் வாயெடுத்தேன். அட்டை தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் முழுக்க அதைத்தான் யோசித்தேன். போகாதீங்க என்று சொல்லியிருப்பானா, போய்ட்டு வாங்க என்று சொல்லியிருப்பானா. பூக்கொல்லையில், வகுப்பில், சைக்கிளில் போகும்போது, இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். சனிக்கிழமை வாக்கில் ஒரு முடிவுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கே போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

“ஆறு மணிக்குத்தானடி அடிக்கும்” என்றாள் அம்மா.

“அடிக்கட்டும்” என்றேன்.